மென்று தின்னாத மாசிலாமணி

நாலாவது பொத்தான் எட்டவே இல்லை. ஜெனிஃபா சட்டையின் இரண்டு ஓரங்களையும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அப்பாவின் வயிறு நடுவில் மேடாக நின்றது. மூன்று மாதமாக நீர் கோத்து வீங்கிய வயிறு, உயிர் போன பிறகும் இறங்கவில்லை. மற்ற இடமெல்லாம் வெறும் எலும்பு.

"கத்திரிக்கோல் எடும்மா."

"எதுக்கு?" என்றாள் அம்மா தேவகிருபை.

"முதுகுப் பக்கம் கிழிச்சு விட்டா முன்னால பொத்தான் போட்டுடலாம். ஆஸ்பத்திரில அப்டித்தான் செய்வோம்."

"புதுச் சட்டைடி. கிறிஸ்மஸுக்கு எடுத்தது."

"முதுக யாரும்மா பாக்கப் போறாங்க?"

தேவகிருபை கத்திரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கிழிபடும் சத்தம் முடியும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து கணவரின் காலரைச் சரிசெய்தாள். காலையிலிருந்து அவள் அழவில்லை. ஜெனிஃபாவும் அழவில்லை. வேலூரில் பகலெல்லாம் வார்டில் நர்ஸாக மற்றவர்களைப் பார்த்துவிட்டு, ராத்திரி அப்பாவின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று மாதம் ஓட்டியவள். இப்போது அவளுக்கு வேண்டியது ஒரு தலையணைதான். அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"இதப் பாரு ஜெனி," என்றாள் அம்மா. "இன்னிக்கு ஒரு நாளு யாரும் சிரிக்கக் கூடாது. ஊரு சிரிச்சது போதும். மரியாதையா கொண்டுபோய் சேக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

"யாரும்மா சிரிக்கப் போறாங்க?"

"உங்கப்பா சிரிக்க வைப்பாரு. செத்தாலும் வைப்பாரு."

அம்மா சொன்னது அந்தப் புத்தகத்தை மனதில் வைத்துத்தான்.

அப்பா நத்தானியேல் ஆம்பூரில் ஒரு மிஷன் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். பத்து வருஷத்துக்கு முன்பு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் பரிசாகக் கொடுக்க ஒரு படப் புத்தகம் போட்டுத் தரும்படி சபையில் கேட்டார்கள். ஆட்டுக்குட்டி, நட்சத்திரம், தொழுவம் என்று வரைவார் என நம்பினார்கள். மனிதர் சொல்பேச்சு கேளாத பிள்ளைகளை வரைந்து கொடுத்தார். நகம் வெட்டாத பையனின் நகம் ஆலங்காயம் காடு வரைக்கும் வளர்ந்து, கரடிகள் அதில் ஏறி விளையாடின. மூக்கு நோண்டிய பெண்ணின் விரல் பின்மண்டை வழியாக வெளியே வந்தது, அவள் அம்மா அதில் துண்டைக் காயப் போட்டாள். குளிக்காத பையனை ஆட்டுத்தோல் என்று நினைத்து டேனரி டிரம்முக்குள் போட்டுச் சுற்றி, ஷூவாகத் தைத்து ஜெர்மனிக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அச்சடித்தது அவருடைய தோஸ்த் நிசார் அஹமதுவின் பிரஸ்ஸில். பீடி லேபிள் அடித்த சிவப்பு மை அங்கே நிறைய மிஞ்சியிருந்தது. அதனால் பக்கத்துக்குப் பக்கம் ரத்தமும் தாராளமாக இருந்தது.

கடைசிக் கதை மென்று தின்னாத மாசிலாமணி. சின்ன வயதில் ஜெனிஃபா எதையும் மெல்லாமல் விழுங்குவாள். அவளுக்காகச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பிறந்த கதை அது. மாசிலாமணி இட்லியை முழுங்குவான், வடையை முழுங்குவான், கடைசியில் தட்டையே முழுங்கி வயிறு ஊதிச் செத்துப்போவான். சவப்பெட்டியின் மூடி மூடாது. நாலு பேர் ஏறிக் குதித்தும் மூடாது. அவனுடைய குண்டு அம்மா ஹேண்ட்பேக்கோடு வந்து மூடிமேல் உட்காருவாள். டப்! பக்கத்தைப் புரட்டினால், மூடிய பெட்டிக்குள்ளிருந்து பெரிதாக ஓர் ஏப்பம் வரும். அதோடு புத்தகம் முடியும்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர்கள் பதறிப்போனார்கள். சபைச் செயலாளர் ஜெயகரன் கூட்டத்தில் எழுந்து, "பச்சப் புள்ளைங்க கையில பொணத்தக் குடுக்குறீங்களே மாஸ்டர்," என்று கேட்டார். மீதிப் பிரதிகளைக் கட்டி ஆலயத்துப் பரண்மேல் போட்டார்கள். அதையெல்லாம்கூட தேவகிருபை பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தக் குண்டு அம்மாவின் கட்டம் போட்ட சேலையும், கொண்டையும், வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பும் யாருடையவை என்று சபைக்கே தெரிந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு வருஷத்துக்கு அவள் ஆலயத்தில் பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் பின்வரிசைப் பிள்ளைகள் "டப்" என்றார்கள்.

"அந்தப் படத்தப் பாத்தேன், மூடி வெச்சுட்டேன். அதுக்கு மேல ஒரு பக்கம் பெரட்டல," என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். அதன்பின் அப்பா எதையும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் சிரிப்பை மட்டும் விட முடியவில்லை அவருக்கு.

போன வாரம் ஆஸ்பத்திரியில், வயிற்றைத் தட்டிக் காட்டி, "ஜெனி, பெட்டி வாங்கும்போது ஆழம் பாத்து வாங்கு. மாசிலாமணி கதையாயிடப் போவுது," என்றார். சிரித்ததில் வயிறு வலித்து முகம் கோணியது. "சும்மா இருங்கப்பா," என்று அதட்டிவிட்டு டிரிப்ஸைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டாள் ஜெனிஃபா.

மதியம் சவப்பெட்டி வந்தது. வேலூரில் கடை வைத்திருக்கும் பச்சையப்பனே டெம்போவில் கூட வந்து, பந்தலில் பெஞ்சுமேல் ஏற்றி வைத்தார். வெள்ளைச் சாட்டின், தங்க நிறச் சிலுவை, பித்தளைப் பிடி. பார்க்க மரியாதையாக இருந்தது. அம்மா ஒருமுறை தடவிப் பார்த்துத் தலையாட்டினாள்.

நிசார் அஹமது பிரஸ்ஸைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். நகக்கண்ணில் மை அப்படியே இருந்தது. ஐஸ் பெட்டிக்குள் நண்பரை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜெனிஃபாவிடம் மெல்ல, "போன மாசம் பாக்க வந்தப்போகூட இன்னா சொன்னாரு தெரியுமா? பாய், ரெண்டாம் பதிப்பு போடலாம், நானே மாடலா படுத்துக்கறேன்னாரு," என்று சொல்லிச் சிரிக்கப் போனார். எதிரே தேவகிருபையின் பார்வை பட்டது. வாயைக் கையால் மூடிக்கொண்டு பின்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஆராதனை நன்றாகவே நடந்தது. ஜெயகரன் வாழ்க்கைக் குறிப்பு வாசித்தார். பிறந்தது நாட்றம்பள்ளி, உழைத்தது ஆம்பூர், கர்த்தருக்குள் உறங்கியது வேலூர். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஜெனிஃபாவுக்கோ எதையோ வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது. ஆனால் அதைக் கேட்கும் தெம்பு இல்லை.

அப்பாவைப் பெட்டிக்கு மாற்றினார்கள். குடும்பத்தார் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அம்மா நெற்றியில் முத்தமிட்டாள், ஜெனிஃபா முத்தமிட்டாள். போதகர் தலையசைத்ததும் பச்சையப்பன் மூடியை எடுத்து வைத்தார்.

மூடி உட்காரவில்லை. வயிற்றின்மேல் நின்று தலைப் பக்கமும் கால் பக்கமும் மாறி மாறி ஆடியது.

பச்சையப்பன் மூடியை எடுத்து, அடியில் விரித்திருந்த மெத்தையை உருவினார். மறுபடி வைத்தார். இப்போதும் ஒரு விரல் இடைவெளி. இரண்டு கையாலும் அமுக்கினார். ஒரு பக்கம் இறங்கியது, மறுபக்கம் எழும்பியது.

"இன்னாம்மா, ஒயரம் மட்டும்தானே சொன்னீங்க?" என்றார் ஜெனிஃபாவிடம், தணிந்த குரலில்.

ஆமாம், உயரம் மட்டும்தான் சொன்னாள். கடையில் அவர் கேட்டதும் அதுதான். எத்தனையோ பேருக்கு வார்டில் உயரம் எழுதிய பழக்கத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு எதெல்லாம் மாற்ற வேண்டும் என்று அறிந்தவள், சொந்த அப்பாவுக்கு மறந்துவிட்டாள். அதுவும் அவரே சொல்லியிருந்தும்.

ஜெனிஃபா நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். அங்கிருந்த பாதிப் பேர் அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள். பாடகர் குழுவில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பெட்டி தூக்க நின்ற வாலிபர்கள் குனிந்துகொண்டார்கள், தோள்கள் குலுங்கின. ஜெயகரன் பந்தல் துணியை அண்ணாந்து பார்த்தார்.

"நாலு பேரு வாங்கப்பா, ஏறி ஒரு அமுக்கு அமுக்குனா ஒக்காந்துடும்," என்றார் பச்சையப்பன், ஒன்றும் அறியாமல்.

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு தெறித்தது. உடனே இருமலாக மாறியது. போதகர் தொண்டையைக் கனைத்தார். ஜெனிஃபாவுக்குள்ளும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது, அப்பாமேல் கோபமும் வந்தது. கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டாள். வேலூருக்கு ஆள் அனுப்பி வேறு பெட்டி கொண்டுவருவதற்குள் இருட்டிவிடும். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அதுவும் என்னால் கெட்டதே என்று நினைத்தாள்.

"அம்மா, நீ உள்ள போ," என்றாள். "நான் பாத்துக்கறேன்."

தேவகிருபை உள்ளே போகவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தாள். வீட்டுச் சாவி இருந்ததால் ஹேண்ட்பேக் காலையிலிருந்து அவள் கையிலேயே இருந்தது. பந்தலை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பின்வரிசையில் நிசார் அஹமது எழுந்து நின்றார்.

"அந்தச் சேர இப்டிப் போடு," என்றாள் பச்சையப்பனிடம்.

"எதுக்கும்மா?"

"போடுப்பா."

போட்டார். ஜெனிஃபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்போடு ஏறினாள். திரும்பி, சேலையை ஒதுக்கி, கணவரின் வயிறு இருந்த இடத்தில், மூடியின்மேல் முழுப் பாரத்தையும் வைத்து உட்கார்ந்தாள். ஹேண்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டாள்.

மூடி உட்கார்ந்தது. சத்தம் எல்லாருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

பச்சையப்பன் அவசர அவசரமாக நாலு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கினார். "ஆயிடுச்சும்மா, எறங்குங்க," என்றார். ஜெனிஃபா கை நீட்டினாள். பாடகர் குழு பாட்டெடுக்க மூச்சு இழுத்தது.

"இருங்க," என்றாள் தேவகிருபை, யாரையும் பார்க்காமல்.

பக்கவாட்டில் மெதுவாகச் சாய்ந்து, ஒரு கையை ஊன்றி, காதை மூடியின் அருகே கொண்டுபோனாள். அப்படியே இருந்தாள். புரட்டவே இல்லை என்று அம்மா சொன்ன அந்தக் கடைசிப் பக்கம் ஜெனிஃபாவுக்கு நினைவு வந்தது. போதகர் பாட்டுப் புத்தகத்தை விரித்தபடி காத்துக்கொண்டு நின்றார்.