விடுதி மூன்றாம் மாடி, ஏழாவது பெட்டி

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை வைஃபை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய டாக்டர்களும் அப்படித்தான். அவர்களில் பாதிப்பேர் அவளைவிட மூத்தவர்கள், அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. கட்டடத்துக்குக் கட்டடம், கூரைக்குக் கூரை ஒட்டிக்கிடக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளை வைஃபை பெட்டிகள் அவள் பொறுப்பு. அத்தனைக்கும் புது மென்பொருள் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றும்போது பெட்டி ஒருமுறை அணைந்து எழும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அதன் கீழே இருக்கும் எதற்கும் தொடர்பு கிடையாது. விடுதியில் என்றால் யாரோ பார்த்துக்கொண்டிருக்கும் படம் நிற்கும், அவ்வளவுதான். டயாலிசிஸ் வார்டில் என்றால் இயந்திரம் போடும் எச்சரிக்கை நர்ஸ் மேசைக்கு வந்து சேராது. ஏற்றுகிற வேலையைக் கணினியே பார்த்துக்கொள்ளும். எந்தக் கட்டடத்தை எப்போது அணைப்பது என்று திட்டம் போடுவதில்தான் அவளுக்கு மண்டை காய்ந்தது.

முதல் சோதனைக்கு நர்ஸ் விடுதியை வைத்திருந்தாள். யாருக்கும் ஆபத்தில்லாத இடத்தில் முதலில் கை வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். நேரம், இருட்டுகிற வேளை. இரவுப் பணிக்காரர்கள் கிளம்பிப் போயிருப்பார்கள், பகல் பணிக்காரர்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். பிரிவுத் தலைவரும் தலையாட்டிவிட்டார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவள் கை சும்மா இருந்திருந்தால்.

எங்கே எப்போது கூட்டம் குறைவு என்று பார்ப்பதற்காக அவளிடம் ஒரு திரை இருந்தது. ஊழியர் எண்ணைத் தட்டினால், அவருடைய போன் எந்தப் பெட்டியைப் பிடித்திருக்கிறதோ அதன் கீழே பச்சைப் புள்ளி வந்து நிற்கும். முதலில் தன் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். தன் நாற்காலிக்கு நேர் மேலே இருக்கும் பெட்டியைக் காட்டியது. அடுத்து, வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல், கணவர் எண்ணைத் தட்டினாள்.

அவரும் அதே ஆஸ்பத்திரியில்தான் மருந்தாளர். மதியம் சாப்பிட்டதும் டயாலிசிஸ் வார்டுக்குப் போய், எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதாக வீட்டில் சொல்லியிருந்தார். புள்ளியோ நர்ஸ் விடுதியில் நின்றது. மூன்றாம் மாடி, ஏழாவது பெட்டி.

மறுநாளும் பார்த்தாள். அதே மதியம், அதே ஏழாவது பெட்டி. அதற்கடுத்த நாளும். அந்த மாடியில் இன்னும் பல புள்ளிகள் இருந்தன. இரவெல்லாம் கண்விழித்துவிட்டுப் பகலில் தூங்குகிற பெண்களின் போன்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இவர்களில் எவள் என்பதுதான் அவளுடைய கேள்வி.

அப்புறம் வீட்டில் எதைப் பார்த்தாலும் சாட்சியாகவே தெரிந்தது. கணவர் சோப்பை மாற்றியிருந்தார். காலையில் சட்டைக்கு இஸ்திரி போடும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தார். இதே பாட்டை இதே சுருதி தப்பிய குரலில் பத்து வருஷமாக முணுமுணுக்கிறார் என்பது அவளுக்கு அப்போது நினைவில்லை.

"என்னங்க, இன்னிக்கும் மத்தியானம் வார்டுதானா?"

"வேற எங்க போறது? அந்தப் பெரியவர் நான் வந்தாத்தான் மாத்திரையே போடுறார்."

எவ்வளவு சரளமாக வருகிறது பொய் என்று வியந்து, காபியோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.

அலுவலகம் போனதும் முதல் வேலையாகத் திட்டத்தைத் திருத்தினாள். விடுதிச் சோதனை மாலையிலிருந்து மதியத்துக்கு மாறியது. சோதனை என்றால் அவள் நேரில் நிற்கலாம். எந்த மாடியிலும் நிற்கலாம், எந்தக் கதவையும் தட்டலாம், யாரும் ஏன் என்று கேட்க முடியாது. பிரிவுத் தலைவர் மட்டும் கேட்டார்.

"சாயங்காலம்னுதானே முடிவு பண்ணினோம்?"

"ஏதாவது சொதப்பினா சரிபண்ண வெளிச்சம் வேணும் சார்."

"அதுவும் சரிதான்" என்று அவர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். இத்தனை வருஷம் சம்பாதித்த நல்ல பெயர் அன்றைக்கு இப்படிப் பயன்பட்டது.

சோதனைக்கு முதல் நாள் மதியம் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏணியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஏணி அவளோடு வேலை பார்ப்பவன். ஸ்டூல் போடாமலே கூரையைத் தொடும் உயரம், அதனால் அந்தப் பெயர். கிளம்புமுன் திரையைப் பார்த்தாள். புள்ளி வந்துவிட்டது. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

விடுதியின் மூன்றாம் மாடியில் புதுப் பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. நடையின் இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள். ஜன்னல் கம்பியில் ஒரு வெள்ளைச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். தன்னை இப்படி யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. நினைக்கட்டும் என்று நடந்தாள். ஒவ்வொரு கதவிலும் காதை வைத்தாள். ஒன்றில் குறட்டை, பெண் குறட்டைதான். மற்றவற்றில் சத்தமே இல்லை.

கணவருக்குப் போன் போட்டாள். எந்தக் கதவுக்குப் பின்னாலும் மணி அடிக்கவில்லை. உஷாரான ஆள், சத்தத்தை அணைத்து வைத்திருப்பார்.

"சொல்லும்மா."

"எங்க இருக்கீங்க?"

"வார்டுலதான். ஏன் குரல் இவ்வளவு சின்னதா இருக்கு?"

பின்னணியில் யாரோ இருமினார்கள். ஏதோ ஒரு இயந்திரம் கீச்சிட்டது. அவள் பதில் சொல்லாமல் வைத்துவிட்டு ஏணியைக் கூப்பிட்டாள். எந்தப் பெட்டி எது என்று கண்டுபிடிக்க அதன் விளக்கை அலுவலகத்திலிருந்தே சிமிட்ட வைக்கலாம்.

"விடுதி மூணாம் மாடி ஏழாவதைச் சிமிட்ட விடு."

"விட்டாச்சுக்கா."

தலைக்கு மேலே ஏழாவது பெட்டி. பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. அந்த நடையில் இருந்த ஒரு பெட்டியும் சிமிட்டவில்லை. அப்படியானால் ஏழாவது வேறெங்கோ சிமிட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடி கணவருக்கே போட்டாள்.

"என்னங்க, மேல கூரையைப் பாருங்க. வெள்ளைப் பெட்டி இருக்கா?"

"இருக்கு. நீலமா சிமிட்டிக்கிட்டே இருக்கு. முன்னாடி இப்படி இல்லையே, கெட்டுப்போச்சா?"

அவள் நடையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவர் பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. விடுதி என்று பெயர் எழுதிய பெட்டிகள் வார்டுக் கூரையில் தொங்குகின்றன. நாளை மதியம் விடுதியை அணைக்கிறேன் என்று அவள் அணைக்கப்போவது டயாலிசிஸ் வார்டை. மாலையில் வார்டு காலியாகிவிடும். பழைய நேரத்திலேயே விட்டிருந்தால் ஒரு உயிருக்கும் பங்கமில்லை. எல்லாப் படுக்கையிலும் ஆள் இருக்கும் மதியத்துக்கு அதை மாற்றியது அவள்தான்.

"போன மாசம் ரெண்டு இடத்துலயும் பெயின்ட் அடிச்சாங்கக்கா" என்றான் ஏணி, அவள் திரும்பி வந்ததும். "எல்லாத்தையும் கழட்டி ஒரே அட்டைப் பெட்டியில போட்டு வச்சிருந்தாங்க. கைக்கு வந்ததை வந்த இடத்துல மாட்டிட்டாங்க போல."

எங்கே தொங்கினாலும் பெட்டி தன் பழைய பெயரையே சொல்லும் என்பது பெயின்டருக்குத் தெரிய நியாயமில்லை. அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு குறட்டை கேட்கும் மாடியில் அத்தனை புள்ளிகள் எதற்கு என்று ஒருமுறை யோசித்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். அவள் ஒரே ஒரு புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோதனையை நிறுத்தினார்கள், பெயர்களைத் திருத்தினார்கள். பிரிவுத் தலைவர் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். நேரில் போய்ப் பார்க்கத் தோன்றியதே, அதுதான் அனுபவம் என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடக்கம் என்று அதையும் பாராட்டினார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது கணவர் கேட்டார்.

"விடுதிக்கு நீ எதுக்குப் போனே?"

"பெட்டியைப் பார்க்க."

"அதுக்கு ஏணி போதுமே. எனக்கு எதுக்குப் போன் போட்டே? அந்தப் பெட்டி என் தலைக்கு மேலதான் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு அவளும் கத்தியிருப்பாள். அவர் கோபப்படவில்லை.

"எத்தனை நாளா பார்க்கிறே?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல், கடைக்குள் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குமேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் மொத்த ஆஸ்பத்திரிக்கும் புது மென்பொருள் ஏறியது. கட்டடம் கட்டடமாக அணைந்து, கட்டடம் கட்டடமாக எழுந்தது. திரையில் புள்ளிகள் நூறு நூறாகத் திரும்பி வந்தன. வார்டு இயந்திரங்கள் வந்தன, டாக்டர்களின் போன்கள் வந்தன, குறட்டை விட்ட நர்ஸும் வந்திருப்பாள். ஒன்றுகூட விடுபடவில்லை என்று ஏணி கைகொடுத்தான்.

அவன் டீ குடிக்கப் போனதும் அவள் கணவர் எண்ணைத் தட்டினாள். எந்தப் பெட்டியின் கீழேயும் புள்ளி வரவில்லை. மறுபடி தட்டினாள். மென்பொருளில் கோளாறாக இருக்குமோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். கடைசியாக இணைந்த நாள் என்ற இடத்தில், அவர் பால் வாங்கிய அந்த நாள் இருந்தது. அன்றைக்கே அவர் தன் போனில் வைஃபையை அணைத்துவிட்டிருந்தார்.

மதியமாகிவிட்டது. இந்நேரம் அவர் வார்டில்தான் இருப்பார். இருப்பார் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.