பதிலுக்கு இரண்டு தட்டல்

மரப்பெட்டியின் கண்ணாடிக் கதவில் நாத்தனார் துண்டைத் தொங்கவிட்டபோதுதான் அவளுக்கு முதல் பயம் வந்தது. துண்டு மறைத்ததும் வெளியே இருந்த நாற்காலி, சுவர்க் கடிகாரம், நாத்தனாரின் முகம் எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டன. உள்ளே உட்கார ஒரு பலகை. மூன்று பக்கமும் சிவப்பாகக் கனலும் தகடுகள். நிற்க வேண்டுமென்றால் தலையைக் குனிய வேண்டும். அவ்வளவுதான் அந்த உலகம்.

“அண்ணி, கேக்குதா? அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் தட்டுவேன். நீங்க பதிலுக்கு ரெண்டு தட்டு தட்டணும். தட்டலைன்னா கதவத் தெறந்துடுவேன். நீங்க எந்தக் கோலத்துல இருந்தாலும் சரி.”

“ஊரக் கூட்டிடாத.”

“ஊரு எதுக்கு? நான் ஒருத்தி போதாதா?”

நாத்தனாருக்குப் பள்ளிப் பேருந்தில் வேலை. காலையில் பிள்ளைகளை எண்ணி ஏற்ற வேண்டும், மாலையில் எண்ணி இறக்க வேண்டும். பதினோரு வருடத்தில் ஒரு தலை குறைந்ததில்லை என்று யார் கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். அவளால் எண்ணிப் பிடிக்க முடியாமல் போனது அண்ணியின் வலி ஒன்றுதான். இன்றைக்கு முழங்காலில் இருக்கும், நாளைக்குப் பிடரியில் ஏறும், அடுத்த நாள் உள்ளங்கையில் இறங்கும். ரத்தப் பரிசோதனையில் அகப்படவில்லை, எக்ஸ்ரேயில் அகப்படவில்லை. ஃபைப்ரோமயால்ஜியா என்று டாக்டர் பெயர் சொல்லி அனுப்பிய அன்று, “பேரே வாயில நொழைய மாட்டேங்குது, உங்க உடம்புல எப்படி அண்ணி நொழஞ்சுது?” என்று சிரித்தாள். அண்ணியும் கூடச் சிரித்தாள். சிரித்தால் விலா எலும்பு வலிக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி, கடுகு அளவுத் திருகாணியை முடுக்க வேண்டும். ஒன்பது வருடமாக வலியோடுதான் முடுக்கினாள். இப்போது சில மாதங்களாகத் திருகாணி விரலிலிருந்து நழுவித் தரையில் விழுகிறது. விழுந்ததைத் தேடக் குனிந்தால் நிமிர முடிவதில்லை. முதலாளி நல்லவர்; ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் போன வாரம் அவளுடைய மேசை விளக்கைத் திருப்பிப் பக்கத்து மேசைக்காரன் பக்கம் வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்து இரவு முழுக்க விழித்திருந்தாள்.

இந்தப் பெட்டியைச் சொன்னதும் டாக்டர்தான். அகச்சிவப்புக் கதிர், காற்றைச் சூடாக்காமல் உடம்பையே நேராகச் சூடாக்கும், சிலருக்கு இதமாக இருக்கிறது, உனக்கும் இருக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். ஒரு நிபந்தனை போட்டார். முதுகில் ஒட்டியிருக்கும் வலி மருந்துப் பட்டையை முந்தின நாளே எடுத்துவிட வேண்டும். “சூடு பட்டா மூணு நாள் மெதுவா எறங்க வேண்டிய மருந்து ஒரேயடியா எறங்கிடும்மா. மொதல்ல வலி போகும். அப்புறம் தூக்கம் வரும். அப்புறம் மூச்சு விடவே உடம்பு மறந்துடும்.” பழைய பட்டையிலும் மருந்து மிச்சமிருக்கும் என்று இரண்டு முறை சொன்னார்.

முதுகுக்குக் கை போகாதவள் அவள். பட்டையை ஒட்டுவதும் உரிப்பதும் நாத்தனார்தான். நேற்றுக் காலையே உரித்துவிட்டாள். நேற்று இரவு வலி எலும்புக்குள் பல்லைப் பதித்துக்கொண்டு கிடந்தது. இன்று இந்த வெப்பச் சிகிச்சை நிலையத்துக்கு வந்ததும் நாத்தனார்தான் படிவத்தையும் நிரப்பினாள். ‘உடம்பில் மருந்துப் பட்டை உண்டா?’ இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதினாள்.

முதல் தட்டல் வந்தது. அவள் இரண்டு தட்டினாள்.

வியர்வை புருவத்தில் கோத்து நின்றது. தோள்கள் தாமாகவே இறங்கின. இத்தனை நாளும் தோள்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறோம் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது தட்டல். பதிலுக்கு இரண்டு.

அப்புறம் வலி போனது.

கேட்கிறவர்களுக்கு அது சந்தோஷமாக இருக்கும். அவளுக்குப் பயம்தான் வந்தது. கால் எங்கே முடிகிறது, பலகை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒன்பது வருடமாக ஒவ்வொரு விரலும் தான் இருக்கும் இடத்தைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தது; திடீரென்று எல்லாம் வாயை மூடிக்கொண்டன. செத்தால் இப்படித்தான் இருக்குமோ? சோதித்துப் பார்க்க வலது கையைத் தூக்கினாள். தூக்கம் கலையாத குழந்தையின் கைபோல இலேசாக எழுந்தது. தோளுக்கு மேல் போயிற்று, பின்னால் மடங்கியது, எத்தனையோ வருடமாகத் தொடாத தன் முதுகைத் தொட்டது.

விரல் நுனியில் வழவழப்பாக ஓர் ஓரம் தட்டுப்பட்டது. நகத்தால் நெருடினாள். தோல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. பள்ளிச் சுற்றுலாவுக்காகப் பேருந்து வாசலில் ஹாரன் அடித்தது. நாத்தனார் புதுப் பட்டையை ஒட்டிவிட்டு, “இருங்கண்ணி, வந்துடறேன்” என்று ஓடினாள். பழசை உரித்த பிறகு ஓடினாளா, வந்து உரிக்கலாம் என்று ஓடினாளா? கண்ணாடிபோல நிறமில்லாத பட்டை. நேற்று உரித்தது ஒன்றைத்தான். இரண்டு இருக்குமென்று யார் தேடினார்கள்?

இப்போது எழுந்து கதவைத் தள்ள வேண்டும். கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் தள்ளினால், வெளியே குளிர்ந்த தரையில் கால் வைத்ததும் எல்லாம் திரும்ப வரும். இனி இந்தப் பெட்டிக்குள் யாரும் அவளை விடவும் மாட்டார்கள். இன்னும் இரண்டு நிமிடம். இரண்டே நிமிடம் இப்படி இருந்துவிட்டு எழுந்தால் என்ன? இமை கனத்தது. அந்தக் கனமும் சுகமாக இருந்ததுதான் அவளை நடுங்க வைத்தது.

மூன்றாவது தட்டல் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

ஒன்று தட்டினாள். இரண்டு தட்டினாள். அப்பாடா, நாத்தனார் கதவைத் திறக்கமாட்டாள். இனி ஐந்து நிமிடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். தலை தகட்டின் பக்கம் சாய்ந்தது. அப்போது, கடைசியாக எப்போது மூச்சு இழுத்தோம் என்று யோசித்தாள். நினைவு வரவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த விரல் அசைந்தது. மெல்ல, நகம் மட்டும் பட்டதுபோல, இன்னொரு தட்டு.

கதவு திறந்து குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது.

“ரெண்டுதான அண்ணி தட்டச் சொன்னேன்? மூணு கேட்டுச்சு. என்ன? என்னாச்சு?”

“முதுகு,” என்றாள். நாக்கு தடித்திருந்தது. “இன்னொண்ணு இருக்கு.”

நாத்தனார் அவளை இழுத்து வெளியே உட்காரவைத்து, முதுகைத் தடவினாள். ஒரே இழுப்பில் உரித்தாள். அதன் பிறகு அவள் வாயிலிருந்து வந்தது வெறும் அலறல். நிலையத்தில் வேலை பார்க்கும் பெண் ஓடி வந்து, டாக்டருக்குப் போன் போட்டாள். உடனே அழைத்து வரச் சொன்னார், வண்டி வருகிறது, அதுவரை தூங்கவிடக் கூடாது.

“தூங்காதீங்க. என்னைத் திட்டுங்க. நாத்தனார திட்டறதுக்கு இத விட நல்ல நாள் கெடைக்காது, திட்டுங்கண்ணி.”

“நீ ஒரு கூறு கெட்டவ.”

“ம். இன்னும்.”

“வலி போயிடுச்சுடி. நெசமாவே போயிடுச்சு.”

நாத்தனாரின் முகம் கோணிக்கொண்டது. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக, “ரொம்ப வலிச்சுதா அண்ணி, இத்தன நாளும்?” என்று கேட்டாள்.

அவள் திறந்து கிடந்த பெட்டியையே பார்த்தாள். வலியைப் போக்கியது சூடா, மருந்தா? பெட்டி என்றால் இன்னொரு நாள் வரலாம். பட்டை என்றால், அந்த ஐந்து நிமிடச் சுகம் சாவின் வாசலில் கிடைத்தது. டாக்டரிடம் கேட்கலாம். கேட்கப் பயமாக இருந்தது.

இடது சுண்டுவிரலில் ஊசி முனை அளவுக்கு ஏதோ குத்தியது. அவள் அந்த விரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டாள்.

வாசலில் வண்டிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. நாத்தனார் அவள் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து, பேருந்துப் படியில் நிற்கும் அதே கண்ணோடு, உதடு அசைய மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு. எட்டு. ஒன்பதுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. மேசைமேல் கிடந்த படிவத்தில், அவசரத்தில் அவள் உதறிய பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் வழியாக ‘இல்லை’ என்ற எழுத்து கொஞ்சமும் மங்காமல் தெரிந்தது.