மஞ்சள் தொப்பியும் சிவப்பு என்ஜினும்

மெத்தையைச் சுருட்டி ஓரமாகத் தள்ளி, கட்டில் பலகையைத் தூக்கி, உள்ளே குனிந்து என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தார் லீலண்ட். வைத்த கை அங்கேயே நின்றது. அடுப்படி, படுக்கையறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பஸ் அளவு வீட்டு வண்டி அது; என்ஜின் பின்பக்கம், கட்டிலுக்கு அடியில். படுக்கையறைக் கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் மனைவி ஆர்டிஸ். இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. பழைய டீசல் வண்டி வாங்கப் போகிறவன் முதலில் என்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சில்லென்று இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் எழும்பாத என்ஜினை விற்கிறவன் மறைக்கிறான் என்று அர்த்தம். நெப்ராஸ்காவில் தானிய லாரி ஓட்டிய காலமெல்லாம் லீலண்ட் இப்படி எத்தனையோ பேர் வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, வர்றேன்" என்று ஒரே வார்த்தையில் திரும்பியிருக்கிறார். தேவாலயத்துப் பாதிரியார் விற்ற வண்டியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. ஆள் அப்படி.

இப்போதும் கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்தார். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவரோ வண்டிக்காரம்மாவைப் பார்த்து, "ஸ்டார்ட் பண்ணுங்க, கேக்கலாம்" என்றார்.

வண்டிக்காரம்மா பெயர் மேவிஸ். கணவரை இழந்து மூன்று குளிர்காலமாகத் தனியாக இந்த அரிசோனா பாலைவனத்துக்கு வண்டியை ஓட்டி வருகிறவள். முழங்கால் ஒத்துழைக்காததால் விற்கிறாள். கள்ளம் கபடம் தெரியாத முகம். காலையில் குளிராக இருந்ததே, வருகிறவர்களுக்கு உள்ளே கதகதப்பாக இருக்கட்டுமே என்று என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாளாம். அதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். மற்றவர்கள் முன்பக்கம் போனதும் ஆர்டிஸ் குனிந்து தானும் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு கையில் ஏறியது. சூடான என்ஜினை விட்டு லீலண்ட் திரும்பி நடக்காதது இதுவே முதல் தடவை.

என்ஜின் கம்பெனிகளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் குளிர்காலத்தில் இங்கே வந்து முகாம் போடும் கிழவர்கள் யாரும் பெயர் சொல்வதில்லை. மஞ்சள், சிவப்பு என்று பெயிண்ட் நிறத்தைச் சொன்னால் போதும், மாலை முழுக்கச் சண்டை போடலாம். லீலண்ட் பிறவி மஞ்சள். அவர் லாரியில் ஓடியது மஞ்சள், அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியது அவர் கை, தலையில் இருப்பது அந்தக் கம்பெனித் தொப்பி. மகள் கல்யாணத்தன்று அந்தத் தொப்பியைக் கழற்ற வைக்க ஆர்டிஸ் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சிவப்பு என்ஜினைப் பற்றி அவர் சொல்லும் வார்த்தைகளில் பாதியைச் சபையில் சொல்ல முடியாது.

அப்பேர்ப்பட்டவர் மேவிஸின் இந்தச் சிவப்பு என்ஜின் வண்டியில் கேட்ட கேள்விகள்தான் அவளை இன்னும் பயமுறுத்தின. மேடேறுமா, எவ்வளவு இழுக்கும், எண்ணெய் குடிக்குமா, ஒன்றும் கேட்கவில்லை. "தனியா வர்றப்ப எங்கயாவது நின்னுச்சுன்னா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டார். மேவிஸ் ஒரு தடவை நின்ற கதையைச் சொன்னாள். நியூ மெக்சிகோவில் ஏதோ ஒரு சின்ன ஊர். டிராக்டர் பழுது பார்க்கும் பெண் ஒருத்தி வந்து ஒரு மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டாளாம். இந்த என்ஜின் பள்ளிக்கூட பஸ்ஸிலும் இருக்கிறது, பண்ணை வண்டியிலும் இருக்கிறது, தெரியாத மெக்கானிக்கே கிடையாது என்றாள். லீலண்ட் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றார். பிரசங்கத்தைக்கூட அவர் அப்படிக் கேட்டதில்லை.

அக்டோபரில் வீட்டை விற்றார்கள். விற்பதற்கு முந்தைய வாரம் ஒமாஹா ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, "ஃபில்டர் மாத்தினா போதுமாம், இன்னும் லட்சம் மைல் ஓடுமாம்" என்றார். அவள் சிரித்தாள். சிரித்தாளே தவிர நம்பவில்லை. அன்றிலிருந்து அந்தச் சந்தேகத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு, அவர் படுக்கும்போது மூச்சைக் கவனிப்பதும் அவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தாள். கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம். கேட்காவிட்டால் சொல்லாமலே போய்விடுவாரோ என்று அதைவிடப் பெரிய பயம்.

மதியச் சாப்பாடு டுவேன் முகாமில். லீலண்டின் பழைய லாரி சிநேகிதன் அவன். இவர்கள் வண்டி வாங்கும்வரை தங்கிக்கொள்ளத் தன் சின்ன டிரெய்லரைக் கொடுத்தவன். மிளகாய் போட்டுக் காய்ச்சிய பீன்ஸும் கறியும், தொட்டுக்கொள்ளப் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியும் வைத்திருந்தான். ஊர்ப் பழக்கம் எங்கே போனாலும் விடாது. அவன் கண்டுபிடித்துச் சொன்ன வண்டி முகாமின் அடுத்த கோடியில் நிற்கும் மஞ்சள் என்ஜின் வண்டி. நேற்றுத்தான் போய்ப் பார்த்தார்கள். தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. சாவியைத் திருப்பியதும் ஒரு உறுமல், அவ்வளவுதான், லீலண்ட் முகத்தில் இருபது வயது குறைந்தது. பின்பக்கம் போய்ப் புகையை மோந்துகூடப் பார்த்தார். ஆனால் கடைசியில், "பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

சிவப்பு வண்டியைத்தான் எடுக்கப் போகிறேன் என்று லீலண்ட் சொன்னபோது டுவேன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"டேய், உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? அந்தத் தொப்பியைக் கழட்டி வச்சிட்டுப் பேசு. அதுக்காவது மரியாதை குடு."

லீலண்ட் சிரித்துக்கொண்டே ரொட்டியைப் பிய்த்தார். வயசான காலத்தில் எல்லாம் மாறும் என்றார். மஞ்சள் கம்பெனி ரோட்டு வண்டிக்கு என்ஜின் செய்வதையே எப்போதோ நிறுத்திவிட்டதே என்றார். அது தெரிந்துதானே இத்தனை வருஷம் சண்டை போட்டாய் என்று டுவேன் மடக்கினான். சரி, என்ஜின் எப்படி, தொட்டுப் பார்த்தாயா, சில்லென்று இருந்ததா என்று கேட்டான். லீலண்ட் கரண்டியால் பீன்ஸைக் கிளறினார். ஆர்டிஸ்தான் சொன்னாள்.

"சூடா இருந்துச்சு. தொட்டாரு. ஒண்ணும் சொல்லல."

டுவேன் சிநேகிதனை ஒரு பார்வை பார்த்தான். கேலி பேச வாயெடுத்தவன், எழுந்து போய் அடுப்பை அணைத்தான். அணைந்திருந்த அடுப்பு அது.

டிரெய்லருக்குத் திரும்பி வந்ததும் லீலண்ட் வாசலில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மூச்சு கொஞ்சம் வாங்கியது. நடந்து வந்த தூரம் ஒன்றும் பெரிசில்லை. ஆர்டிஸ் எதிரே நின்றாள், உட்காரவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அதான் அப்பவே சொன்னேனே. ஃபில்டர்..."

"லீலண்ட். சூடான என்ஜினை நீ வாங்கப் போற. என்கிட்ட ஃபில்டர் கதை சொல்லாதே."

அவர் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்தார். அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார். இதயம் தளர்ந்துவிட்டதாம். கத்தி வைத்து ஆகப்போவது எதுவும் இல்லையாம். ஒரு வருஷமும் ஓடலாம், வசந்தம் வருவதற்குள்ளேயும் நிற்கலாம், அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லையாம். வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க மனசில்லை, அதனால்தான் விற்றேன் என்றார்.

அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் கூடப் படுத்தவளிடம் சொல்லாததை முன்பின் தெரியாத மேவிஸிடம் கேள்வியாகக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாரே. தான் போன பிறகு இவள் எங்கே நிற்பாள், யார் வந்து பார்ப்பார்கள் என்பதையெல்லாம் தனக்குள்ளேயே பேசி முடித்து, நிறம் வரைக்கும் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாரே. அதைவிட, அந்த உறுமலைக் கேட்டுச் சிரித்த முகத்தோடு அவர் "பாப்போம்" என்று திரும்பி நடந்ததை நினைத்தபோதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மஞ்சளையே வாங்கு" என்றாள். "உனக்குப் பிடிச்சதை ஓட்டு. இருக்கிற வரைக்கும் ஓட்டு."

"அது நடுரோட்டுல நின்னா நான் கீழ படுத்துச் சரி பண்ணிருவேன், ஆர்டி. நீ என்ன பண்ணுவே?"

"உக்காந்து அழுவேன். அது என் பாடு."

"நான் பாக்க இருக்க மாட்டேனே" என்றார் அவர். "அதான் வேண்டாங்கறேன்."

அவள் உள்ளே போய் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது, ஓட்டவும் மாட்டேன் என்று உள்ளிருந்தே சொன்னாள். வெளியே நாற்காலி கிரீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை மேவிஸிடம் இன்னொரு தடவை போனார்கள். ஓட்டிப் பார்க்கலாம், பார்ப்பதற்குக் காசா பணமா என்று அவர் கெஞ்சியதால்தான் அவள் வந்தாள். சரி என்று இன்னும் சொல்லிவிடவில்லை. இந்தத் தடவை முன்னமே சொல்லி வைத்திருந்தார், என்ஜின் ஓடியிருக்கவில்லை. கட்டில் பலகையைத் தூக்கிவிட்டு அவர் விலகி நின்றார். "நீ தொட்டுப் பாரு. யார் எது சொன்னாலும் முதல்ல தொட்டுப் பாத்துடணும்." அவள் கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. எடுக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

சாவியைத் திருப்பியதும் என்ஜின் முதல் சுற்றிலேயே எழும்பிக்கொண்டது. லீலண்ட் ஒரு நிமிஷம் காது கொடுத்துவிட்டு, "தேவலாம், சனியன்" என்றார். வாழ்நாளில் சிவப்பு என்ஜினுக்கு அவர் வாயிலிருந்து கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது. பிறகு ஓட்டுநர் இருக்கையை அவள் உயரத்துக்கு ஏற்றி, கண்ணாடிகளைத் திருப்பி வைத்து, கியர் பொத்தானைக் காட்டினார். முன்னால் எவன் வேண்டுமானாலும் போவான், பின்னால் எடுப்பதுதான் வண்டி ஓட்டுவது, அதனால் அதிலிருந்து ஆரம்பிப்போம் என்றார். கீழே இறங்கப் போனவர் படியில் நின்று திரும்பினார்.

"கண்ணாடியில நான் தெரியற வரைக்கும் வா. தெரியலன்னா நிறுத்திரு."

அது அவளுக்குச் சொல்லித் தரவேண்டிய பாடம் இல்லை. அறுவடைக் காலத்தில் அவர் லாரியைத் தானியக் களஞ்சியத்துக்குப் பின்னால் எடுக்கும்போதெல்லாம், பின்னால் நின்று கை காட்டியது அவள்தான். கண்ணாடியில் படும்படி நில்லு, நீ தெரியலன்னா நான் நிறுத்திருவேன் என்று ஜன்னல் வழியாகக் கத்துவார். ஒரு தடவை அவள் பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்துவிட்டாள். அடுத்த நொடி லாரி நின்றுவிட்டது. முகம் வெளுத்துப்போய் இறங்கி ஓடிவந்தார். அன்றைக்கு அவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது இடதுபக்கக் கண்ணாடியில் அவர் சின்னதாகத் தெரிந்தார். வெறும் சரளைத் தரை, தூரத்தில் மலை, நடுவில் மஞ்சள் தொப்பி. இரண்டு கையையும் தூக்கி, வா வா என்று விரல்களை மடக்கினார். அவள் பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தாள். அத்தனை பெரிய வண்டி, யாரோ பின்னாலிருந்து கைபிடித்து இழுப்பதுபோல நகர ஆரம்பித்தது. அவளுக்கு வியர்த்தது. அவர் தலையாட்டினார், வலது கையைச் சுழற்றினார், அவள் ஸ்டியரிங்கைச் சுழற்றினாள், வண்டி திரும்பியது. அவர் சிரிப்பதுகூடக் கண்ணாடியில் தெரிந்தது. அவளுக்கும் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது.

மேற்கிலிருந்து ஒரு காற்று கிளம்பிச் சக்கரத்துப் புழுதியை வாரிக்கொண்டு பின்பக்கம் போனது. தொப்பி ஒரு நொடி மங்கலாகத் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி ஒரு குலுங்கலோடு நின்றது. வலதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தாள், அதிலும் இல்லை. மறுபடி இடதுபக்கம். பின்னால், கட்டிலுக்கு அடியில், என்ஜின் எந்தத் தடங்கலும் இல்லாமல் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. காலை எடுக்காமல், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பற்றிக்கொண்டு, புழுதி அடங்கட்டும் என்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஆர்டிஸ்.