போடாவைப் பூட்டுவேன் என்றவர்

கென்யாவின் வெளியுறவுக் கொள்கையை ஒரு தடவை என் சைக்கிள் கேரியரில் ஏற்றி, நான்கே நிமிடத்தில் மாற்றி இறக்கியிருக்கிறேன். இதைச் சொன்னால் எக்கிராபா சிரிப்பான். சுங்கத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். முத்திரை குத்தாத எதையும் நம்பமாட்டான்.

கென்யாவும் உகாண்டாவும் தொடும் புசியாவில் எல்லைக்குப் பெயர் போடா. எல்லைக்கு ஆள் ஏற்றிப் போகும் எங்கள் சைக்கிளுக்கும் அதே பெயர்தான். அந்த வருடத் தேர்தலில் எங்கள் தொகுதியில் இருவர் நின்றார்கள். க்வோபா சோள மாவின் விலையைப் பாதியாக்குவேன் என்றார். உகாண்டா முட்டையை உள்ளே விடமாட்டேன் என்றும் சொன்னார். ஹடுடு எல்லை திறந்தே இருக்கும், அண்டை நாட்டோடு கைகோர்ப்போம் என்றார். மாவைப் பற்றி மூச்சே விடவில்லை.

நப்வீரே அவித்த முட்டை விற்பவள். முட்டை அந்தப் பக்கத்தது. வீட்டில் சோள மாவில் கிண்டும் உகாளிக்கு ஒன்பது வாய்.

"மாவு மலிஞ்சா பிள்ளைங்க வயிறு நிறையும். முட்டை நின்னுட்டா அந்த மலிஞ்ச மாவையும் பார்த்துக்கிட்டுதான் நிக்கணும். யாருக்குப் போட, பெருசு?" என்றாள்.

"ரெண்டு பேரையும் அவிச்சுப் பாரு. வெடிக்காதவனுக்குப் போடு."

"உனக்கென்ன, ரெண்டு சக்கரம். எனக்கு ஒரு சட்டிதான்."

சனிக்கிழமை க்வோபா சந்தைக்கு வந்தார். நைரோபியில் வளர்ந்தவர். ஒலிபெருக்கியில், "ஜெயிச்ச மறுநாளே போடாவைப் பூட்டுவேன்" என்றார். அவர் சொன்னது எல்லையை. நாங்கள் நாலாயிரம் பேர் கேட்டது சைக்கிளை. அத்தனை மணியும் ஒன்றாக அடித்ததில் கம்பாலாவில் குழந்தைகள் தூக்கம் கலைந்து அழுதன. அவருடைய டிரைவர் காரோடு மறைந்தான். அவர் என் கேரியரில் தாவினார்.

"எதுக்குய்யா கத்துறாங்க?"

"சைக்கிளைப் பூட்டுறேன்னீங்களே, ஐயா."

"நான் சொன்னது எல்லையை."

"அது இன்னும் மோசம். எல்லையைப் பூட்டிட்டா இதுல எவன் ஏறுவான்?"

பேசிக்கொண்டே எல்லைக் கேட்டுக்கு வந்துவிட்டோம். பின்னால் மணிகள்.

"இங்கயே இறங்கிக்கிறேன்" என்றார்.

"இறங்கி எங்க ஓடுவீங்க? முன்னாடி போனா உகாண்டா. அங்க உங்களுக்கு ஓட்டு கிடையாது."

பின்னால் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் தலையைப் பிடித்துக்கொண்டு கேரியரில் ஏறி நின்றார். "போடா திறந்தே இருக்கும். ரெண்டு போடாவும்."

சட்டியோடு ஓடி வந்திருந்த நப்வீரே, "முட்டையும் வருமா?" என்றாள்.

"வரும்."

"மாவு?"

"பாதி விலை."

அவள் ஓட்டு அங்கேயே விழுந்துவிட்டது. அவர் ஜெயித்தார். முட்டை இன்றும் வருகிறது. மாவு மட்டும் இறங்க வழி தெரியாமல் மேலேயே நிற்கிறது.

நேற்று ஒரு லாரி டிரைவரிடம் இதைச் சொன்னபோது எக்கிராபா வழக்கம்போலச் சிரித்தான். எக்கிராபாவுக்கு முட்டையைக் கீறிக்கொண்டிருந்த நப்வீரே நிறுத்தினாள்.

"நீயும்தான் அன்னைக்கு அங்க இருந்த. உண்மையைச் சொல்லு, வெங்காயம் தக்காளி வைக்கிறேன். இல்லைன்னா வெறும் முட்டை."

எக்கிராபா முட்டையைப் பார்த்தான், டிரைவரைப் பார்த்தான்.

"நாலாயிரம் பேர் இல்லை, நாப்பது பேர். கம்பாலாவுல எவனும் அழுவலை" என்றான். "மத்தபடி நடந்துச்சு. கேட்டுல அன்னைக்கு நான்தான் டூட்டி."