விலகாமல் நின்றவர்கள்

மாபெரும் மனிதர்கள் மண்ணைவிட்டு நீங்கும் வேளையில் காலமே ஒரு கணம் நின்றுவிடுகிறது என்று தொழிற்சங்கத் தலைவர் கந்தப்பன் சொல்லி முடித்ததும், ஒலிபெருக்கி நின்றது. காலம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் காம்பராவில் நிஷாந்தி, வந்தவர்களுக்குப் பிளேன்டி போட மின்சாரக் கேத்தலைச் செருக வேண்டுமென்று மைக்கின் வயரைப் பிடுங்கியிருந்தாள்.

“யாரும்மா அது? தலைவர் பேசுறாருல்ல,” என்றான் தலைவரின் செயலாளர் நிரஞ்சன்.

“தண்ணி கொதிச்சதும் குடுத்திர்றேன். தலைவரும்தானே குடிக்கப் போறாரு,” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

தலைவர் காத்திருந்தார். தார்ப்பாய்க்குக் கீழே கூடியிருந்த தோட்டத்துச் சனமும் காத்திருந்தது. பெட்டிக்குள் மாயாண்டி, ஆயுளில் ஒருநாளும் போட்டிராத பட்டுச் சால்வையோடு படுத்திருந்தார். அவருக்கு அவசரமில்லை.

மின்சாரம் திரும்பியதும் தலைவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை. அதைவிட உயரமான இடத்திலிருந்து தொடங்கினார். “நமது லயங்களின் அவலத்தை முப்பது ஆண்டுகளாகப் படம்பிடித்து, வெள்ளைக்காரனின் முகத்துக்கு முன்னால் நீட்டிய போராளி இவர். வெளிநாட்டுப் பத்திரிகையே இவருக்குச் சூட்டிய பட்டம், லயத்துப் படப்பிடிப்பாளர்.”

தலைமாட்டில் உட்கார்ந்து அப்பாவின் சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்த ஜெயந்தினியின் கை அப்படியே நின்றது.

அந்தப் பத்திரிகைப் பக்கம் அவளுக்கு மனப்பாடம். லேமினேட் செய்து இப்போது பெட்டிமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். பழைய நீராவி இஞ்சின்கள்மீது பித்துக்கொண்ட இங்கிலாந்துக்காரர்கள் தங்களுக்குள் நடத்துகிற பத்திரிகை அது. தண்டவாள ஓரம் நின்று படம் எடுப்பவரை அவர்கள் ‘லைன்சைட் போட்டோகிராபர்’ என்பார்கள். அதைத் தமிழாக்கியவன் நிரஞ்சன். அவனையும் குறை சொல்ல முடியாது. தோட்டத்தில் ரயில் ஓடுவது ரெயில் ரோட்டில். லைன் என்றால் லயம். ஒரே கூரைக்குக் கீழே பத்துக் குடும்பம் ஒட்டிக்கொண்டு கிடக்கிற இடம். அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று அவன் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

மாயாண்டி முப்பது வருடமாக எடுத்தது லயத்தை அல்ல, கோச்சியை, அதாவது ரயிலை. அதுவும் எல்லாக் கோச்சியையும் அல்ல. வருடத்தில் நாலைந்து தடவை ஒரு பழைய நீராவி இஞ்சினைத் துடைத்துப் பளபளப்பாக்கி, வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிப் பதுளைப் பாதையில் அனுப்புவார்கள். அதைத் துரத்திக்கொண்டு வெள்ளைக்காரப் படப்பிடிப்பாளர்கள் வான் வண்டிகளில் வருவார்கள். வளைவுக்கு வளைவு இறங்கி, மூன்று கால் தாங்கியை ஊன்றி, மறுபடி ஏறி ஓடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் தோட்டத்துக் கொழுந்து லொறியில் மாயாண்டி. லொறியின் கொழுந்து ஏற்றும் நேரங்களை டிரைவர் மாயாண்டி ரயில்வே அட்டவணையைப் பார்த்தே வகுத்திருந்தார் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். கொழுந்துக்குக் காத்திருக்கும் ஃபெக்டரி அதிகாரி டீமேக்கருக்கு மட்டும் தெரியாது.

அந்த இஞ்சினிலும் ஒரு சங்கதி இருந்தது. ஹட்டனைத் தாண்டிய ஏற்றத்தில் கிழட்டு இஞ்சினுக்கு மூச்சு வாங்கும். அதனால் வண்டியின் வாலில் ஒரு டீசல் இஞ்சினைக் கட்டித் தள்ளவிடுவார்கள். முன்னால் புகை, பின்னால் வேலை. சங்க அலுவலகத்துக்குப் போய்வந்து பழகிய தோட்டத்தார் இதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. ஆனால் படப்பிடிப்பாளர்களுக்கு அந்த டீசல் கண்ணில் விழுந்த தூசி. அது தெரியாத ஓர் இடத்தை மலை முழுக்கத் தேடினார்கள். கண்டுபிடித்தவர் மாயாண்டி. அவருடைய சொந்த லயத்துக்குக் கீழே இருக்கிற வளைவில், தேயிலைச் சரிவில் ஒரு குறிப்பிட்ட கல்மேல் நின்றால், லயத்தின் தகரக் கூரை கடைசிப் பெட்டியையும் டீசலையும் சேர்த்து விழுங்கிவிடும். இங்கிலாந்துப் பத்திரிகை புகழ்ந்தது அந்தக் கோணத்தைத்தான்.

முந்தாநாள் அவர் செத்ததும் அந்தக் கல்மேல்தான். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். மாயாண்டி தாமதிக்கவில்லை. மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், மனுஷன் தூங்குகிறார் என்று நினைத்திருந்தார்கள். கோச்சி வந்தும் கமெரா எழும்பாததைப் பார்த்துத்தான் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

ஜெயந்தினி எழுந்து பின்பக்கம் போனாள். கொழும்பில் ஹோட்டல் வேலையிலிருந்து வந்திருந்த தம்பி கிஷாந்த் அங்கே வாழைக்குலையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“கேட்டியா அவரு பேசுறத?”

“நல்லாத்தானே சொல்றாரு, அக்கா. விடு.”

“பொய்டா.”

“செத்த வீட்டுல எது பொய், எது மெய்? அப்பாவ போராளிங்கிறாங்க. வேணாம், திருப்பி எடுத்துக்கங்கன்னா சொல்ல முடியும்?”

“அப்பா காலையில பேர் குடுக்குற பெரட்டுக்கே ஒருநாளும் நேரத்துக்குப் போனதில்ல. இவரு எங்க போராட்டத்துக்குப் போனாரு?”

“சிரிக்க வெக்காத. மாமன்மாரு பாக்குறாங்க.”

அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா பேச்சியம்மா இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னாள்: “லயத்த எடுத்தாராமா. கூரை ஒழுகுது, தகரத்த மாத்துங்கன்னு நான் கத்துறேன். இரு, கோச்சி கொட்டகலைய விட்டிருச்சுன்னு ஓடுறாரு. அந்த ஓட்டைக்குக் கீழதான் இருவது வருசமா சட்டி வெச்சிருக்கேன்.”

நிரஞ்சன் ஒரு தாளோடு வந்தான். “டீச்சர், கடைசியா நன்றியுரை நீங்க. பேரெல்லாம் எழுதிட்டேன். தலைவர் பேரு ரெண்டு எடத்துல வரும். தொடக்கத்துல ஒண்ணு, முடிவுல ஒண்ணு.”

“நானும் ஒண்ணு சொல்லணும், நிரஞ்சன்.”

“தாராளமா. ரெண்டு நிமிசம். மூணு மணிக்குப் பெட்டிய தூக்கணும்.”

அவளுக்கு ஒரு நிமிடம் போதும். அப்பா போராளி இல்லை, அவருக்குப் புகை இஞ்சின் பிடித்திருந்தது, அவ்வளவுதான், அதற்காகவே அவருக்கு நன்றி. இதை அவர் மண்ணுக்குள் போவதற்கு முன் ஒருதடவையாவது நாலுபேர் காதில் விழச் சொல்லியாக வேண்டும். இதைவிட்டால் வேறு மேடை கிடையாது.

வெள்ளைக்காரர்கள் அனுப்பிய பழைய பத்திரிகைகளைப் பத்து வயதில் அவள்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் புத்தகத்தில் அப்போது ஆப்பிளும் பந்தும் நடந்துகொண்டிருந்தன. அவளுக்கோ பொயிலரும் பிஸ்டனும் ஏற்றச் சரிவும் இங்கிலீஷில் தெரிந்திருந்தன. “இதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்று லொறியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்பார். தெரியாவிட்டால் இரண்டு பேருமாக ஊகிப்பார்கள். படி என்று ஒருநாளும் சொன்னவரில்லை. அப்படித்தான் அவள் ஹட்டனில் இங்கிலீஷ் டீச்சரானாள். தோட்டத்தில் பிறந்தவர் எல்லோரும் எதற்காவது பயன்பட்டாக வேண்டும். கொழுந்துக்கு, சங்கத்துக்கு, வோட்டுக்கு. அப்பா ஒருவர்தான் ஒன்றுக்கும் உதவாத ஒன்றை வெட்கமில்லாமல் நேசித்தவர். அவரைப் போராளியாக்கிப் புதைத்தால், உள்ளே போவது வேறு யாரோ.

அவள் திரும்பி வந்தபோது மூன்றாவது வீட்டுப் பொன்னையா ஒரு சட்டம் போட்ட படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெட்டியருகே நின்றிருந்தார்.

“என்ன மாமா இது?”

“ஒங்க அத்த. சொவத்துலேருந்து கழட்டிட்டு வந்தேன். அவரு எடுத்ததுதானே. தூக்குற வரைக்கும் பக்கத்துல இருக்கட்டும், பாப்பா.”

படத்தில் பொன்னையாவின் மறைந்த மனைவி அங்கம்மா அத்தை இடுப்பில் கைவைத்து முறைத்துக்கொண்டிருந்தாள். தலைக்குப் பின்னால் திரண்ட புகை.

நீராவிக் கோச்சி வருகிற சத்தம் கேட்டால் லயமே கீழே இறங்கிவிடும். படத்தில் ஆள் இருக்கக்கூடாது என்பது வெள்ளைக்காரர்களின் சட்டம். “விலகுங்க, விலகுங்க” என்று மாயாண்டி தொண்டை கிழியக் கத்துவார். ஒருவரும் விலகியதில்லை. ஒவ்வொரு படத்திலும் யாராவது ஒருவர் இஞ்சினுக்குக் குறுக்கே விழுந்திருப்பார். கெட்டுப்போன படத்தை அவர் கழுவி எடுத்துவந்து, “இந்தா, ஒன் மூஞ்சி. என் படத்த பாழாக்குனதுக்கு நீயே வெச்சுக்க,” என்று கொடுத்துவிடுவார். வேறு படம் எடுத்துக்கொள்ள அந்த லயத்தில் யாருக்கும் காலமும் வாய்த்ததில்லை, காரணமும் வாய்த்ததில்லை. ஆள் இறந்ததும் அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட ஹட்டனில் சப்ராஸின் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோவார்கள். சப்ராஸுக்கு இஞ்சினை வெட்டத் தெரிந்தது; புகையை வெட்டத் தெரியவில்லை. ஆகவே அந்த லயத்தில் செத்தவர்கள் எல்லோரும் சுவரில் மேகத்துக்கு நடுவே நின்றார்கள். நல்லதண்ணியிலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், இவ்வளவு தெய்வீகமாக எடுக்கிற ஸ்டுடியோ எது என்று விசாரித்துவிட்டுப் போனது.

பொன்னையா வைத்ததைப் பார்த்து இன்னொருவர் எழுந்து போனார். பிறகு இன்னொருவர். கால் மணி நேரத்தில் பெட்டியைச் சுற்றிப் பன்னிரண்டு சட்டங்கள் சாய்ந்திருந்தன. சிலர் வெட்டாத படத்தையே கொண்டுவந்திருந்தார்கள். எல்லாவற்றிலும் புகை. எல்லாவற்றிலும் ஒரு துண்டு தகரக் கூரை.

தலைவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. “பாருங்கள். ஒரு படம் விடாமல் லயம்.”

அது உண்மைதான் என்பதே ஜெயந்தினிக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது.

அவள் மைக்கை வாங்கினாள். கிஷாந்த் கைபேசியை உயர்த்திப் பிடித்துப் பதிவுசெய்யத் தொடங்கினான்.

“எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்னத் திருத்தம் இருக்கு.”

நிரஞ்சன் தலை நிமிர்ந்தான். தார்ப்பாயின் ஓட்டை வழியே தூறல் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அங்கம்மா அத்தையின் கண்ணாடியில் விழுந்த துளிகளைப் பொன்னையா சட்டை நுனியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க விழுந்தது. அவர் விடுவதாக இல்லை. ஜெயந்தினி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“திருத்தம் என்னன்னா,” என்றாள் ஜெயந்தினி, “இந்தத் தாள்ல உள்ள பேரு பத்தாது.”

தாளில் இருந்ததை முதலில் வாசித்தாள். தலைவர், கோயில் கமிட்டி, மரண உதவிச் சங்கம், நாற்காலி தந்த ஹலீம் நானா, கேத்தல் போட்ட நிஷாந்தி. பிறகு தாளை மடித்தாள்.

“அங்கம்மா அத்தைக்கு நன்றி. விலகுன்னு சொன்னா, என் வீட்டு வாசல்ல நிக்க ஒன்கிட்ட கேக்கணுமான்னு கேட்டவங்க. சுருட்ட பத்த வெச்சுக்கிட்டே குறுக்க வந்த சின்னமுத்து தாத்தாவுக்கு நன்றி. கோச்சிய பாக்காம கமெராவையே பாத்த வீராயி அக்காவுக்கு நன்றி.”

ஒவ்வொரு சட்டமாகப் போனாள். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த வீட்டாள் லேசாக அசைந்தார். பிறகு உயிரோடிருப்பவர்களுக்கு வந்தாள். கல்லருகே முதலில் ஓடிவந்த பெண்கள், அவர்கள் போட்டுவிட்டு வந்த கூடைகளைப் பொறுக்கி நிறுத்தியவர்கள். கொழுந்து வாடியும் காட்டிக்கொடுக்காத லொறிக்கு நன்றி சொன்னாள்.

“பின்னாடியிருந்து தள்ளுன டீசலுக்கும் நன்றி. ஒரு படத்துலயும் அது தெரியல. ஆனா அது இல்லாட்டி கோச்சி இந்த மலையில ஏறியிருக்காது.”

சனம் சிரித்தது. சாவு வீடு என்று நினைவு வந்து நிறுத்தியது.

“விலகச் சொன்னப்ப விலகாம நின்ன எல்லாருக்கும் நன்றி.”

தலைவர் எழுந்துவிட்டார். “விலகாமல் நின்றோம். இனியும் விலக மாட்டோம்,” என்று முழங்கினார். நிரஞ்சன் கைதட்டினான், தனியாகத் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“இவரு எந்தப் படத்துல நின்னாரு?” என்று பேச்சியம்மா பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்.

தப்பு மேளம் அடித்தார்கள். ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரெயில் ரோட்டைத் தாண்டி இறங்கினார்கள். பெண்கள் லயத்தோடு நின்று, வாசலைக் கழுவினார்கள். பன்னிரண்டு சட்டங்களும் அவரவர் சுவருக்குத் திரும்பின.

கிஷாந்த் அடக்கம் முடித்துக் குளித்துவிட்டு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. டோஹாவில் இருக்கிற சித்தப்பா மகன் அக்கா பேசியதை அனுப்பச் சொல்லியிருந்தான். அனுப்புவதற்கு முன் மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டார்கள். டீசல் வந்த இடத்தில் பேச்சியம்மா சிரித்தாள். வீராயி வந்த இடத்தில் முந்தானையைத் தேடினாள்.

“நல்லாத்தான் பேசியிருக்க, புள்ள,” என்றாள் முடிந்ததும். “நம்மாளப் பத்தி எங்க வருது?”

கிஷாந்த் முதலிலிருந்து போட்டான். மூன்று பேரும் இரண்டாம் தடவையும் கேட்டார்கள்.

பதினொரு நிமிடம். நாற்பத்து மூன்று பேருக்கும், ஒரு லொறிக்கும், ஒரு டீசல் இஞ்சினுக்கும் ஜெயந்தினி நன்றி சொல்லியிருந்தாள். மாயாண்டியின் பெயர் அதில் இல்லை.