ஏரிக்கரையில் இரண்டு பிக்கப்

பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துவரும் சக்கர வீடான கேம்பரின் கதவு ஆர்லனுக்கு எப்போதுமே குறுகல்தான். தலையைக் குனிந்து, ஒரு தோளை முன்னால் விட்டு, பக்கவாட்டில்தான் உள்ளே போவார், வெளியே வருவார். இப்போது அவரை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி வெளியே கொண்டுவர இரண்டு ஆட்கள் கால் மணி நேரமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறடி மூன்று அங்குல உடம்பு. ஒரு பக்கம் சமையல் மேடை இடித்தது, மறுபக்கம் சாப்பாட்டு மேஜை இடித்தது. இறுதிச் சடங்குக் கூடத்திலிருந்து வந்திருந்த அந்த இருவரும் மரியாதை தெரிந்தவர்கள். ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளாமல் மூச்சு மட்டும் வாங்கினார்கள்.

லோர்னா வெளியே, யாரோ கையில் கொடுத்த காப்பியோடு நின்றிருந்தாள். நாற்பத்து மூன்று வருஷம் அந்த மனிதரோடு குடும்பம் நடத்தியவளுக்கு அவரை வாசலில் இப்படித் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் பொறுக்க முடியவில்லை.

"அந்தக் கொசுவலைக் கதவக் கழட்டிருங்க. ரெண்டே ஸ்குரூதான்" என்றாள். "ஃபிரிட்ஜ் ஏத்தும்போது அவர் அப்படித்தான் செய்வார்."

கழற்றினார்கள். ஆர்லன் சிரமமில்லாமல் வெளியே வந்தார். ஆகஸ்டு கடைசி வெயில் ஏரியின்மேல் பளிச்சென்று விழுந்திருந்தது. பக்கத்து முகாம்களில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

காலை ஏழரைக்கு லோர்னா கண் விழித்தபோது அவர் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். உடம்பு சில்லிட ஆரம்பித்திருந்தது. நெஞ்சுதான் என்று மரண விசாரணை அதிகாரி சொன்னார். எழுபத்தொரு வயது, ஏற்கெனவே ஒரு முறை அடைப்பு வந்த இதயம், எட்டாயிரம் அடி உயர மலைக் காற்று. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றார். கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று கேட்டார். நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு என்றாள். என்ன பேசினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆர்லன் போர்வைக்கு மேலே படுத்திருந்தார், வெளியே போகும்போது போடும் தடித்த சட்டையோடு. பூட்ஸ் இரண்டும் வாசலில் பனியில் நனைந்து கிடந்தன. அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் ஏற்கெனவே முடிவுகட்டியிருந்தாள். மனசு பொறுக்காமல் எழுந்துபோய், தன் பழைய வண்டிக்குள் குளிரில் உட்கார்ந்திருக்கிறார். விடிந்ததும் வந்து படுத்திருக்கிறார். காரணம் அவள்தான்.

நடந்தது இவ்வளவுதான். லைல், டாட்டி தம்பதியும் இவர்களும் பதினொரு வருஷமாக ஆகஸ்டு கடைசி வாரத்தில் இந்த ஏரிக்கரையில் பக்கத்துப் பக்கத்து இடத்தில் முகாம் போடுகிறவர்கள். இந்த முறை லைல் புது டீசல் பிக்கப் ஒன்றோடு வந்து இறங்கினார். வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆர்லனின் பிக்கப் தொண்ணூற்றாறாம் வருஷத்தது. நாலு லட்சம் மைல் ஓடியது, கதவோரம் துருப்பிடித்தது, ஸ்டார்ட் செய்தால் ஏரியின் மறுகரையில் உள்ள வாத்து எழுந்து பறக்கும். நாலு நாளும் இதே பேச்சுதான். கேம்பர் இழுக்கப் புதுசு நல்லதா, பழசு நல்லதா என்பதில் இந்த ஊர்க்காரர்கள் காட்டும் ஆவேசத்தைத் தேர்தலில்கூடக் காட்டமாட்டார்கள்.

நேற்று சாயங்காலம் தீ மூட்டி எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நாலு டன் கேம்பரை மாட்டிக்கொண்டு டென்ஸ்லீப் பள்ளத்தாக்கு ஏற்றத்தை ஐம்பத்தைந்து மைல் வேகத்தில் ஏறினேன், கோப்பையில் காப்பி தளும்பவில்லை என்றார் லைல். ஆர்லன் அதே ஏற்றத்தை மூன்றாவது கியரில் முப்பதில் ஏறுகிறவர், பின்னால் இருபது கார் வரிசையில் காத்துக்கிடக்க. எனக்கென்ன அவசரம், ஏரி எங்கே ஓடிப்போகிறது என்றார் ஆர்லன். இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் பட்டனை அமுக்கிவிட்டால் காலை பிரேக்கில் வைக்கவே வேண்டாம் என்றார் லைல். கியரை இறக்கிப் போடக் கை இருக்கும்போது பட்டன் எதற்கு என்றார் ஆர்லன். புதுசில் ஒரு சென்சார் செத்தால் பாதி மலையில் வண்டி நத்தையாகிவிடும், தன் வண்டியை ஒரு ஸ்பானரும் ஒரு முழம் கம்பியும் இருந்தால் வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்றும் சொன்னார். அப்புறம் புகையைச் சுத்தம் செய்யப் புது வண்டிக்குத் தனியாக ஊற்றவேண்டிய யூரியாவுக்கு வந்தார்.

"வண்டிக்கு யூரியா ஊத்துறியாமே? நீ வச்சிருக்கிறது வண்டியா, சோளக்காடா?"

எல்லோரும் சிரித்தார்கள். லைலும்தான். தோற்றுப்போகும் நிலையில் அவர் லோர்னா பக்கம் திரும்பி, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்றார். லோர்னா அப்போது இரண்டாவது கிளாஸ் ஒயினில் இருந்தாள்.

"இருபத்தேழு வருஷமா இந்த மலை ஏறுறோம். ஒரு தடவையாவது உள்ள உக்காந்து நாலு வார்த்தை பேச முடிஞ்சிருக்கா? நான் இந்த ஆளோட குடும்பம் நடத்தல லைல், இன்ஜினோட நடத்தினேன். அத வித்துத் தொலைன்னா கேட்டாத்தானே."

சிரிப்பு பெரிதாக எழுந்தது. ஆர்லனும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. தூக்கம் வருகிறது என்று எழுந்து போனார். இந்த மனிதர்களிடையே புருஷனின் குறட்டையைப் பற்றிப் பெண்டாட்டி ஊரைக் கூட்டிச் சொல்லலாம், தொப்பையைச் சொல்லலாம். நாலு பேர் எதிரில் அவன் வண்டியை விட்டுக்கொடுத்து, அடுத்தவன் வண்டிப் பக்கம் பேசுவது மட்டும் வழக்கமில்லை. அவள் உள்ளே போனபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலையில் சரிசெய்துகொள்ளலாம் என்று விளக்கை அணைத்தாள்.

கறுப்பு வண்டி ஆர்லனை ஏற்றிக்கொண்டு மலையிறங்கிப் போனது. மகள் கோரின் காலையிலேயே மலையடியில் உள்ள வொர்லண்டிலிருந்து தெரிந்தவர் ஒருவர் வண்டியில் வந்து இறங்கியிருந்தாள். டாட்டி பிஸ்கட்டும் வறுத்த பன்றி இறைச்சியும் கொண்டுவந்து வைத்தாள், யாரும் தொடவில்லை. அடுத்த கேள்வி கேம்பரை யார் இறக்குவது என்பது. லைல் தன் வண்டியில் மாட்டி வீட்டில் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். கோரின் பழைய வண்டியைக் காலியாக ஓட்டி வரலாம். எல்லோருக்கும் அது சரியாகப்பட்டது.

லோர்னா மட்டும் வேண்டாம் என்றாள். ஆர்லனின் கேம்பரை ஆர்லனின் வண்டிதான் இழுக்கும், தான் ஓட்டுவதாகச் சொன்னாள்.

கோரின் அம்மாவைப் பார்த்தாள். சமதரையில் இரண்டு முறை ஓட்டியதைத் தவிர அம்மா கேம்பரோடு அந்த வண்டியைத் தொட்டதில்லை. பதினாறு மைல் இறக்கம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம்.

"அம்மா, அந்த வண்டிய வித்துத் தொலைன்னு இத்தன வருஷமா சொன்னது நீதானே?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். லோர்னா போய் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தாள். அது இருமி, குலுங்கி, இடிபோல் எழுந்தது. பின்னால் எடுத்தாள். கேம்பரின் கொக்கிக்குக் கீழே வண்டியின் குமிழ் சரியாக வந்து நிற்கவேண்டும். எப்போதும் அவள் கீழே நின்று கை காட்டுவாள், அவர் ஓட்டுவார். முதல் முறை நாலு அங்குலம் இடப்பக்கம் தள்ளிப்போனது. அடுத்த முறை வலப்பக்கம். மூன்றாவது முறை கொக்கியிலேயே போய் இடித்தது, கேம்பர் ஒருமுறை ஆடி நின்றது. கேட்காமல் அடுத்தவர் வண்டி மாட்டுவதில் யாரும் தலையிடமாட்டார்கள். எல்லோரும் ஏரியைப் பார்ப்பதுபோல் நின்றார்கள்.

லைல் ஜன்னல் பக்கம் வந்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை. சாவியைத் திருப்புவதுபோல் கையால் காட்டினார். அவள் இன்ஜினை நிறுத்தினாள்.

"இத சொல்லாதன்னு அவன் என்கிட்ட வாக்கு வாங்கியிருந்தான்" என்றார் லைல். "காலைல ஆறு மணிக்கு வந்து எங்க கதவத் தட்டினான். உன் புது வண்டியில ஒரு சுத்து கூட்டிட்டுப் போன்னான். மண் ரோட்ல அணை வரைக்கும் போனோம். முன்சீட்ல உக்காந்திருந்தான். திரும்பி வரும்போது, 'லைல், நான் பேசறது கேக்குதா'ன்னான். கேக்குதுன்னேன். இன்னும் குரல இறக்கி, 'இப்ப?'ன்னான். இப்பவும் கேக்குதுன்னேன்."

லோர்னா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள்.

"அப்புறம், 'அவகிட்ட சொல்லிராத, ஒரு வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவா'ன்னு சிரிச்சான். புது வண்டி விலை என்னன்னும் கேட்டான்."

"அப்ப அவருக்குக் கோவம் இல்லையா?"

"கோவமா இருந்தவன் மாதிரி தெரியல."

லைல் அங்கேயே நின்றார். இன்னும் ஏதோ பாக்கி இருந்தது.

"உங்க படி ஏறும்போது நெஞ்சத் தடவினான் லோர்னா. குளிருன்னான். நானும் குளிருதான்னு நினைச்சிட்டு வந்துட்டேன். அந்த அதிகாரிகிட்ட சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரல."

"நானா இருந்தாலும் குளிருன்னுதான் நினைச்சிருப்பேன்" என்றாள் லோர்னா.

அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். ஆனால் முதலில் சொன்ன கதையை நம்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. லைல் நல்ல மனிதர். முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் முகவராக இருந்தவர். புருஷனை இழந்த பெண்களின் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, அவர்களுக்கு வேண்டிய வார்த்தையைப் பார்த்து எடுத்துச் சொல்லிப் பழகியவர். நேற்று அவரும் தீயின் பக்கத்தில்தான் இருந்தார். ஆர்லன் எழுந்து போனதைப் பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்திருப்பார். நனைந்த பூட்ஸுக்கும் சட்டைக்கும் இந்தக் கதை பொருந்துகிறதுதான். அவள் நினைத்த கதைக்கும் அவை பொருந்தத்தான் செய்தன. பொய்யாக இருந்தால் அது எவ்வளவு கருணையான பொய் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து முதல்முறையாக அழுதாள். லைல் ஜன்னல் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி நின்றார்.

அழுது முடித்தபோது கண்கள் வீங்கி, எதிரே எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. இந்தக் கண்களோடு பள்ளத்தாக்கில் இறங்கினால் நாளைக்கு கோரின் இரண்டு சவப்பெட்டி வாங்கவேண்டியிருக்கும். அவள் இறங்கி சாவியை மகளிடம் கொடுத்தாள்.

"மூணாவது கியர்லயே வா. மேலேருந்தே போட்டுரு. பாதியில மாத்தாத, அவர் மாத்தமாட்டார்."

"சரிம்மா."

லைல் தன் வண்டியைப் பின்னால் எடுத்தார். திரையில் கேமரா காட்டிய கோட்டைப் பார்த்து ஒரே முயற்சியில் கொக்கிக்குக் கீழே நிறுத்தினார். சங்கிலி மாட்டி, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, சக்கரக் கட்டைகளை எடுத்து உள்ளே போட்டார். தான் கோரினுக்குத் துணையாகப் பழைய வண்டியில் வருவதாக டாட்டி சொன்னாள். லோர்னாவை முன்சீட்டுக்கு அனுப்பினாள்.

கதவைத் திறந்ததும் படி தானாகக் கீழே இறங்கியது. லோர்னா ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஏதோ சரியில்லை. முன்கண்ணாடி எங்கோ தள்ளியிருந்தது. முதுகைச் சாய்த்தால் கால் தரைக்கு எட்டவில்லை. நுனிக்கு நகர்ந்தால்தான் பூட்ஸின் முனை தொட்டது. சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது, நெடிய கால் நீட்டி உட்காருகிறவருக்கு வேண்டிய அளவுக்கு. அதற்குமேல் பின்னால் போக இடமில்லை.

ஜன்னல் வழியே டாட்டியைப் பார்த்தாள். ஐந்தடிக்கும் குறைவான டாட்டி, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி ஆர்லனின் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் மூக்கு உரச உட்கார்ந்து போகிறவள் என்று அவளை எல்லோரும் கேலி செய்வார்கள். நாலு நாள் முன்பு இந்த வண்டி முகாமுக்குள் நுழைந்தபோதும் முன்சீட்டில் அப்படித்தான் வந்து இறங்கினாள்.

லைல் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, அவள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தார்.

"அடடா. பக்கத்துல பட்டன் இருக்கு பாருங்க, அமுக்கினா முன்னால வரும். இருங்க, நானே..."

அவர் கை நீளுமுன் லோர்னா அந்தப் பட்டனைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"இருக்கட்டும் லைல்" என்றாள், மெதுவான குரலில். "இது இப்படியே இருக்கட்டும்."

அவருக்குக் கேட்டது. கையை எடுத்துக்கொண்டார்.

ஏரி மரங்களுக்குப் பின்னால் போனது. இறக்கம் தொடங்கும் இடத்தில் லைல் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டார், வண்டி தன் வேகத்தைத் தானே பிடித்துக்கொண்டது. லோர்னா முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். பதினாறு மைலும் அவள் கால்கள் தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டே வந்தன.