பதினெட்டுப் பொத்தான் கோட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை, என் வாயில் பிறந்தது. அந்த வாய் ஒருநாள் ஐந்து நிமிடம் சும்மா இருந்திருந்தால், நீங்கள் இப்போது வேறு நல்ல கதை ஏதாவது படித்துக்கொண்டிருப்பீர்கள். "ரோஷன், உன் நாக்கை ஓரம் மடிச்சுத் தைக்க ஒரு டெய்லர் கிடைக்கல பாரு" என்று என் வீட்டுக்காரர் தாஹா முப்பது வருடமாகச் சொல்கிறார். டெய்லர் கிடைத்தாள். கதை அவளைப் பற்றியதுதான்.

முதல் தொடக்கம்: "உறையூரின் குறுகிய சந்தொன்றில், மழை ஓய்ந்த மாலையில், ஒரு தையல் இயந்திரம் தன் தனிமையை –"

சீ! தையல் மெஷினுக்கு என்ன தனிமை? அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்கும் தெரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்: "ஜோதிக்கு நாற்பத்தாறு வயது. உறையூரில், வீட்டின் முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறாள்."

இது போதும்.

(ஜோதி அவளுடைய நிஜப் பெயர் அல்ல. கதையில் என்ன பெயர் வைக்கட்டும் என்று அவளையே கேட்டேன். "ஆலியான்னு வைங்க டீச்சர். கதையிலயாச்சும் ஸ்டைலா இருந்துட்டுப் போறேன்" என்றாள். உறையூரில் ஜாக்கெட் தைக்கிற நாற்பத்தாறு வயது ஆலியாவை எந்த வாசகர் நம்புவார்? பேரம் பேசி ஜோதியில் முடித்தோம். அவளுக்கு இன்னும் வருத்தம்தான்.)

2

முப்பத்திரண்டு வருடம் சரித்திர டீச்சராக இருந்தேன். ஓய்வு பெற்றதும் என் பழைய மாணவிகளோடு சேர்ந்து ஒரு கிறுக்குத்தனம் தொடங்கினேன். வருடத்துக்கு ஒரு முறை, மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏதாவது ஒரு பழைய காலத்து உடுப்பைத் தைத்துப் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்திலிருந்து கொள்ளிடக்கரை வரை நடப்பது. போய்ச் சேர்ந்ததும் பொங்கல், போட்டோ. இருபது பேர் வருவோம். இந்த முறை எல்லோரும் கூடி முடிவு செய்தது: பழைய காலத்துக் குளிர்காலக் கோட்டு.

சிரிக்காதீர்கள். திருச்சியில் குளிர்காலம் என்பது ஃபேனை ஒன்றாம் நம்பரில் வைக்கும் காலம் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் ஆசை.

என் கோட்டைத் தைக்கச் சொல்லத்தான் ஜோதியிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் மெஷினை நிறுத்தினாள். 

"நானும் வரட்டுமா டீச்சர்?"

இருபது வருடப் பழக்கத்தில் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. என் பெண் கல்யாணத்துக்கே நான்கு முறை கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். முந்தின வருடம் எட்டு மாதம் கடையைச் சாத்திவிட்டுத் தொட்டியத்தில் அக்கா வீட்டில் இருந்தவள், திரும்பி வந்த பின்பும் வாசல் தாண்டுவதில்லை. அப்படிப்பட்டவள் வரட்டுமா என்று கேட்டாள்.

"இது என்ன கேள்வி? உனக்கும் ஒரு கோட்டு தச்சுக்க. வந்து சேரு" என்றேன்.

3

கோட்டைத் தேர்ந்தெடுத்த காட்சியை ஐந்து முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் என்னை நல்லவளாக்கிவிடுகிறேன். இது ஆறாவது.

போனில் மூன்று படங்கள் காட்டினேன்.

(அ) நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய சீமைப் பெண்ணின் கோட்டு. கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழே வரை பதினெட்டுப் பொத்தான். உடம்பை அப்படியே பிடித்து நிற்பது.

(ஆ) பொன்மலை ரயில்வே காலனிப் பெண் ஒருத்தி 1930களில் போட்டிருந்தது. என் மாணவி ஆன்சியின் வீட்டு ஆல்பத்தில் இருந்த படம். தொளதொளவென்று, இடுப்பில் ஒரு பட்டை மட்டும்.

(இ) போர்க்காலத்துச் சிப்பாய் கோட்டு. இதை எனக்கென்று முன்பே பிடித்துவைத்துவிட்டேன்.

ஜோதியின் விரல் நேராக இரண்டாவது படத்துக்குப் போனது.

"இது நல்லா இருக்கு டீச்சர். காத்தோட்டமா."

"காத்தோட்டத்துக்கா கோட்டுப் போடுறாங்க? போர்வைக்குக் கை வச்ச மாதிரி இருக்கு. உன் உடம்புவாகுக்கு முதல் படம்தான். கோட்டுன்னா பிடிச்சு நிக்கணும் ஜோதி. நீ என்னடான்னா எப்பப் பாரு முந்தானைய இழுத்து இழுத்துப் போத்திக்கிறே.* அதுக்குள்ள கிழவியாயிட்டியா?"

அவள் முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பொத்தான்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"சரிங்க டீச்சர். இதையே தைக்கிறேன்."

(* இந்த நட்சத்திரக் குறியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்று ஃபேன் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவளின் புத்தி அவ்வளவுதான்.)

4

இங்கே ஒரு விஷயத்தை விளக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தது புரியாது.

ஜோதி யாரையும் அளவெடுக்க மாட்டாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும், அது ஒரு மரியாதைக்கு. யார் போனாலும் முதல் கேள்வி, "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா?" சரியாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும், அதைத் துணி மேல் விரித்துப் போட்டு வெட்டிவிடுவாள்.

"டேப்பைப் பாத்தாலே எல்லாரும் வயித்த எக்கிக்கிறாங்க டீச்சர். உடம்பு பொய் சொல்லும். அளவு ஜாக்கெட் சொல்லாது."

அவளுக்கென்று ஒரு அளவு ஜாக்கெட் உண்டு. நீல நிறம், சுவரில் ஆணியில் தொங்கும். தனக்கு எது தைத்தாலும் கை தானாக அதை எடுக்கும். கோட்டுக்கும் அதைத்தான் எடுத்தாள். பெரிய கடை வீதியில் நான் வாங்கிக் கொடுத்த காப்பிக்கொட்டை நிறக் கம்பளித் துணி, உள்ளே உறையூர்ச் சேலை லைனிங். பதினெட்டுப் பொத்தானுக்கும் கையாலேயே காஜா எடுத்தாள்.

5

நடைக்கு ஆறு நாள் இருக்கும்போது என் சிப்பாய் கோட்டை வாங்கிக்கொள்ளப் போனேன். அவள் கோட்டு ஹேங்கரில் தொங்கியது. மாஷா அல்லாஹ், அப்படி ஒரு தையல்!

"போட்டுக் காட்டு" என்றேன்.

"அப்புறம் போடுறேன் டீச்சர்."

"இப்பப் போடு."

அடம்பிடித்துப் போட வைத்தேன். கீழேயிருந்து பொத்தான்களை மாட்டிக்கொண்டே வந்தாள். எட்டு, ஒன்பது, பத்து. வலது பக்கம் கோட்டு நிமிர்ந்து நின்றது. இடது பக்கம் நெஞ்சில் துணி உள்ளே குழிந்தது. அவள் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"என்ன ஜோதி, இந்தப் பக்கம் துணி அதிகமா விட்டுட்டியா?"

"துணி சரியாத்தான் இருக்கு டீச்சர். நான்தான் கம்மி."

எனக்கு விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"போன வருசம் தொட்டியத்துல அக்கா வீட்டுல இருந்தேன்னு சொன்னேன்ல. ஆஸ்பத்திரியில இருந்தேன். இடது பக்கம் எடுத்துட்டாங்க."

எட்டு மாதம் கழித்து அவள் கடையைத் திறந்த அன்று நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தொட்டியத்து வாழத்தோப்புல நல்லா உக்காந்து தின்னுட்டு வந்தியா? என் துணியெல்லாம் என்னாச்சு?" தவ்பா, தவ்பா. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அவள் கண்களில் நீர் தளும்ப –

(இந்த இடத்தில் ஜோதி என்னை நிறுத்தினாள். எழுதியதையெல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வைக்கிறேன். "நான் எங்க அழுதேன்? நீங்கதான் அழுதீங்க. மூக்கை என் லைனிங் துணியில தொடச்சீங்க." உண்மைதான். திருத்திவிட்டேன்.)

நான் அழுதேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இருபது வருசக் கைப்பழக்கம் டீச்சர். ஆணியில இருந்து அத எடுத்தேன், போட்டேன், வெட்டினேன். பழைய உடம்போட அளவுன்னு தோணவே இல்ல. முழுசா ஒன்னரை மணி நேரம் நெனப்பே வரல. ஆபரேஷனுக்கு அப்புறம் நான் அத மறந்து இருந்தது அன்னிக்கு மட்டுந்தான்."

தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அந்தத் தொளதொளக் கோட்டே தச்சிருக்கலாம்ல?" என்றேன். "நான் ஒரு கிறுக்கி, ஏதோ உளறினேன். நீ ஏன் என் பேச்சைக் கேட்டே?"

"அதுக்குள்ள ஒளிஞ்சுக்கலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். இந்த முந்தானை மாதிரி. நீங்க கிழவியாயிட்டியான்னு கேட்டீங்க. கோவம் வந்துச்சு. பிடிச்சு நிக்கிறதயே போட்டுக்கிட்டு நடக்கணும்னு தோணுச்சு." கோட்டின் இடது பக்கத்தை நீவினாள். "இப்ப முடியுமான்னு தெரியல."

6

நடைக்கு முன்பே மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: ஜோதி இடது பக்கம் பஞ்சு வைத்துத் தைக்கிறாள். அந்தக் காலத்துக் கோட்டுகளில் நெஞ்சுக்குத் திணிப்பு வைப்பது வழக்கம்தான், சரித்திரப்படி குற்றமில்லை.

இரண்டாம் முடிவு: தையலைப் பிரித்து, இப்போதுள்ள உடம்புக்கே வெட்டித் தைக்கிறாள்.

மூன்றாம் முடிவு: கோட்டை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு அவள் வராமலே –

மூன்றையும் படித்துக் காட்டினேன். பொத்தான் டப்பாவைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"மொத ரெண்டும் இருக்கட்டும். மூணாவத அடிச்சுடுங்க."

அடித்துவிட்டேன்.

ஆனால் கோட்டைப் போட்டுக் காட்டிய அன்று அந்த அறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இது முடிவு அல்ல, நடந்தது. ஜோதி கோட்டைக் கழற்றிவிட்டு, கழுத்திலிருந்த டேப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அளவெடுங்க டீச்சர்."

"நானா? எனக்கு என்னம்மா தெரியும்?"

"நான் சொல்றேன். என்னால குனிஞ்சு பாக்க முடியல. ஒரு வருசமாக் குளிக்கும்போதும் பாத்ததில்ல."

கதவைச் சாத்தினேன். முந்தானையை விலக்கி, கையைத் தொங்கவிட்டு நின்றாள். டேப்பை முதலில் தலைகீழாகப் பிடித்தேன், அவள் நேராகத் திருப்பிக் கொடுத்தாள். தோள், நெஞ்சு, இடுப்பு.  எண்களைச் சாக்கட்டியால் மேசையில் குறித்தேன். அவை என்னவென்று எழுத மாட்டேன்.

"வயித்த எக்கல, பாத்தீங்களா?" என்றாள்.

மேசையில் ஒரு பக்கம் பஞ்சுப் பொட்டலம், இன்னொரு பக்கம் கத்திரி. இரண்டையும் பார்த்தாள்.

"எதுன்னு நான் பாத்துக்கிறேன். நீங்க ஒண்ணுஞ் சொல்லக்கூடாது."

சொல்லவில்லை. வாசகரே, உறையூரிலிருந்து பாலக்கரையில் என் வீடு வந்து சேரும்வரை நான் வாயே திறக்கவில்லை. தாஹா எனக்குக் காய்ச்சல் என்று நினைத்தார்.

7

ஞாயிறு காலை ஆறரை. அம்மா மண்டபம். எங்கோ ஸ்பீக்கரில் திருப்பாவை. கரையெல்லாம் நீராடிவிட்டு வருபவர்கள், நடுவே கோட்டுப் போட்ட பத்தொன்பது பைத்தியங்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த இரண்டு பஸ்ஸில் அவள் இல்லை. "டீச்சர், போலாமா?" என்று ஆன்சி கேட்டாள். "இருடி" என்று எரிந்து விழுந்தேன். சிப்பாய் கோட்டுக்குள் எனக்கு வியர்த்து ஊற்றியது. மூன்றாவது முடிவை அடித்திருக்கக் கூடாதோ என்று பயந்தேன்.

மூன்றாவது பஸ்ஸிலிருந்து ஜோதி இறங்கினாள்.

காப்பிக்கொட்டை நிறக் கோட்டு. பதினெட்டுப் பொத்தானும் மாட்டியிருந்தது. முந்தானை உள்ளே இருந்தது, இழுத்துப் போர்த்த வெளியே எதுவும் இல்லை.

பூக்காரம்மா ஒருத்தி, "என்னம்மா, ஷூட்டிங்கா?" என்றாள்.

"இல்லக்கா, குளுருது" என்று சொல்லிவிட்டு ஜோதி என்னை நோக்கி நடந்து வந்தாள்.

பஞ்சா, கத்திரியா என்றுதானே கேட்கிறீர்கள்? எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். வாயால் ஒருமுறை கெட்டது போதும்.

நீங்களும் இப்போது அந்த இடது பக்கத்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் அன்று முதலில் அங்கேதான் பார்த்தேன். பிறகு வெட்கப்பட்டு நிமிர்ந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் எப்போது நிமிர்வேன் என்று.

"பாத்து முடிச்சாச்சா டீச்சர்?" என்று சிரித்தாள். "வாங்க, பொங்கல் ஆறிடும்."

நீங்களும் நிமிர்ந்துவிட்டு வாருங்கள். அவள் நிற்பாள்.